தோளில் கை வைக்க ஐம்பது ரூபாய்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில்
சமோசா கடைக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறினால் என் கடை.
பாஸ்போர்ட் சைஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம்.
இறந்தவர்களை இருப்பவர்களோடு நிற்க வைப்பதைப்
போர்டில் எழுதவில்லை.
அதற்குத்தான் நிறையப் பேர் ஏறி வருகிறார்கள்.

கனியம்மா இரண்டு படம் கொண்டுவந்தாள்.
ஒன்று போன மாதம் சயானில், மருமகள் வளைகாப்பில் எடுத்தது.
அரக்குப் பட்டு, வலது கன்னத்தில் டியூப்லைட், ஐம்பத்திரண்டு வயது.
மற்றது பிஸ்கட் கம்பெனி அடையாள அட்டையிலிருந்து உரித்தது.
இருபத்தொன்பது வயதில் அம்மா.
இடப்பக்கம் ஒரு ஜன்னல் இருந்திருக்க வேண்டும்.
தோளில் பாதி ரப்பர் ஸ்டாம்ப்,
மீதிப் பாதி அட்டையோடு போய்விட்டது.

"ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கணும்.
எங்கம்மை கை என் தோள்ல கெடக்கணும்."

கைக்குத் தனியாக ஐம்பது ரூபாய் என்றேன்.
மற்ற எல்லாவற்றுக்கும் பேரம் பேசியவள்
அதற்குப் பேசவில்லை.

முதலில் ஸ்டாம்ப்.
பக்கத்துப் புடவைப் பூவை நகலெடுத்து
ஊதா மையின் மேல் வைத்து, வைத்து,
அரை வட்டம் மறைய நாற்பது நிமிடம்.
ஒவ்வோர் எழுத்தாக
அவள் வேலையிலிருந்து நின்றாள்.

பிறகு வெளிச்சம்.
ஒருத்திக்கு இடப்பக்கம் பகல், ஒருத்திக்கு வலப்பக்கம் ராத்திரி.
இப்படியே ஒரே அறையில் விட்டால் கண் நம்பாது,
ஏன் என்று அதற்குச் சொல்லவும் தெரியாது.
மகளைப் புரட்டிப் போட்டேன்:
முந்தானை தோள் மாறியது, மூக்குத்தி பக்கம் மாறியது.
அன்டூ.
மென் பிரஷ், பன்னிரண்டு சதவீதம்.
டியூப்லைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அணைத்து
அம்மாவின் ஜன்னலை மகள் வரைக்கும் திறந்தேன்.

"உங்களைவிடச் சின்னப் பொண்ணா இருக்காங்களே,
கொஞ்சம் வயசு ஏத்தவா?"
"வேண்டாம். அவ அதுல நின்னுட்டா.
நாந்தான் நடந்துட்டேன்."

அட்டைப் படத்தில் கழுத்துக்குக் கீழே
நாலு விரற்கடைதான். கை கிடையாது.
கை என்னிடம் இருக்கிறது. என்னுடையதுதான்.
மூன்று வருடம் முன்பு தலையணை மேல் வைத்து எடுத்து,
ஓரம் வெட்டி, குக்கர் மூடி சுட்ட தழும்பை
மேலே ஒரு லேயர் போட்டு மறைத்து வைத்தது.
நிறம் ஏற்றி, வளையல் பூட்டி, சில நேரம் ரோமம் முளைக்க வைத்து
எத்தனை தோளில் வைத்திருப்பேன்.
முகுந்த் நகரில் ஒரு மாப்பிள்ளைக்கு அது அப்பா.
சங்கம் கல்லியில் செத்துப்போன அக்கா.
நான் படியேறாத வீடுகளின் சுவரில்
சந்தன மாலைக்குள்
யாரையோ தொட்டபடி இருக்கிறேன்.

கனியம்மா திரைக்குக் கிட்ட வந்தாள்.
"மூஞ்சி அவதான். கைதான் அவ இல்லளா.
இம்புட்டு வழவழன்னா இருக்கும்?
சூளையில தட்டு இழுத்த கை.
ஒரு சூடாவது இருக்கணும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பட்டியலில் மேல் லேயரின் கண்ணை மூடினேன்.
தழும்பு வந்தது.
ஆள்காட்டி மூட்டுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவு.

வெகுநேரம் பார்த்தாள்.
"இங்கனதான்," என்றாள்.
இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்.
அவளுக்கு அப்போது பத்து வயது.
வலது கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு
இடது கையால் மவுஸைப் பிடித்தேன்.

எல்லா லேயரையும் ஒன்றாக்கவா என்று கேட்டது.
ஒன்றாக்கினால் பிரிக்க முடியாது.
அழுத்தினேன்.

செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன்.
ஏணியில் ஒவ்வொரு படியாக, பின்பக்கமாக இறங்கினாள்.
அந்த ஐம்பது ரூபாயை வாங்கியிருக்கக் கூடாது.
வாங்கினேன். கரண்ட் பில் ஏழாம் தேதி.

கடை சாத்துவதற்கு முன்
தழும்போடு இருக்கும் கையைத் தனியாகச் சேமித்தேன்.
பெயர் கேட்டது.
'கை 2' என்று போட்டேன்.